சோப்பு டப்பாச் சங்கிலி

அருவிக்குக் கீழே குளிக்க வருகிறவர்களைக் காவல் காத்துவந்த விசில்காரர், ஏழு வருடங்களாக ஆற்றுக்கு அடியில் ஒரு சங்கிலியைத் தேடிக்கொண்டிருந்தார். தண்ணீர் தெளிந்திருக்கும் மாதங்களில் பாறைமேல் குப்புறப் படுத்துப் பார்த்தால் ஆள் நன்றாகவே தெரிவார். காக்கி அரைக்கால் சட்டை, கழுத்தில் விசில். ஒரு கல்லைப் புரட்டுவார், அடியில் பார்ப்பார், பொறுப்பாக அதே இடத்தில் வைத்துவிட்டு அடுத்த கல்லுக்குப் போவார். சில சமயம் குகைக்குள் நுழைந்தால் வாரக்கணக்கில் வெளியே வரமாட்டார். மேலே யாராவது வழுக்குப்பாறைப் பக்கம் போனால் உள்ளே இருந்தபடியே ஊதுவார். குமிழிகள் மேலே வந்து உடையும்போது ஒவ்வொன்றும் விசிலடிக்கும், போனவர்கள் திரும்பிவிடுவார்கள். வேலைதான் நடக்கிறதே என்று அலுவலகத்திலும் அவரைப் பணியில் இருப்பவராகவே வைத்துக்கொண்டார்கள். கரையில் டீக்கடை வைத்திருந்த அவர் மனைவி, மதியம் சாப்பாட்டுத் தூக்கைக் கயிற்றில் கட்டி இறக்குவாள். தூக்கு கழுவி மேலே வரும். வீட்டில் இருந்த காலத்தில் மனிதர் ஒரு நாளும் தட்டைக் கழுவியதில்லை என்று அவள் போகிற வருகிறவர்களிடம் சொல்லுவாள்.

அந்தச் சங்கிலி தொலையவே இல்லை. இது மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்த்த ஒருத்திக்கு மட்டும்தான் தெரியும்.

அவள் அன்று கணவன், மகள், மாமியாரோடு வேனில் வந்திறங்கியிருந்தாள். கழுத்தில் கிடந்தது மாமியாரின் சங்கிலி. மனசே இல்லாமல் கழற்றிக் கொடுத்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. அருவி அடித்துக்கொண்டு போய்விடுமோ என்று பயந்து, சோப்பு டப்பாவைத் திறந்து சோப்புக்கு அடியில் சங்கிலியைச் சுருட்டி வைத்தாள். அந்த நேரம் பார்த்து மகள் செருப்பைக் காணோமென்று கத்த, அந்த அவசரத்தில் வைத்த இடம் மனசிலிருந்து அழிந்துபோயிற்று. அவள் பத்திரமாக வைக்கும் எதுவும் அவளுக்கே அகப்படாது. ஆற்றில் சோப்பு போடக் கூடாது என்று விசில்காரர் வாசலிலேயே சொல்லியிருந்ததால், டப்பாவை அதற்குப் பிறகு யாரும் திறக்கவில்லை. அருவிக்குப் பின்னால் இருந்த குகையில் நின்று ஆசைதீரக் குளித்துவிட்டு வெளியே வந்தபோது கை தானாகக் கழுத்துக்குப் போனது. அவள் போட்ட கூச்சலில் ஆற்றில் இருந்த அத்தனை பேரும் கரையேறிவிட்டார்கள்.

கணவன் லிஃப்ட் மெக்கானிக், முன்கோபி. விசில்காரரின் சட்டையைப் பிடித்து, நீயும் உன் ஆறும் கூட்டுக் களவாணிகள் என்று வாய்க்கு வந்தபடி பேசினான். தன்னைத் திட்டியதை விசில்காரர் பொறுத்துக்கொண்டார். ஆற்றைத் திட்டியதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

"இந்த ஆறு யார் பொருளையும் எடுத்ததில்ல. எங்கயாவது கல்லுல சிக்கியிருக்கும். எடுக்காம மேல வரமாட்டேன்" என்று சொல்லிக் குதித்தார்.

மறுநாள் காலை குளியலறையில் அவள் சோப்பு டப்பாவைத் திறந்தாள். ஈரத்தில் குழைந்த சோப்பின் அடியில் சங்கிலி அச்சாக ஒட்டிக்கொண்டிருந்தது. சந்தோஷத்தில் வாயைத் திறந்தவள் அப்படியே மூடிக்கொண்டாள். முந்தின நாள் வேனில் வீடு திரும்பும்போது, கரித்துக்கொட்டப் போகிறாள் என்று எதிர்பார்த்த மாமியார் அவள் தலையை மடியில் சாய்த்து, "விடும்மா, போனா போகுது, நீ நல்லபடியா வந்தியே" என்று சொல்லியிருந்தாள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அந்த வாயிலிருந்து வந்த முதல் நல்ல வார்த்தை. அதைத் திருப்பிக் கொடுக்க அவளுக்கு மனம் வரவில்லை. நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தாள். சங்கிலியைக் கடைக்குக் கொண்டுபோய், ஒரு பழைய கண்ணாடிக் கூட்டில் போட்டு, தன் மேஜை டிராயரில் பூட்டினாள்.

முதல் வாரமே சொல்லியிருந்தால் நாலு திட்டோடு போயிருக்கும். ஒரு மாதம் ஆனதும் கூச்சமாகிவிட்டது. ஒரு வருடம் ஆனபிறகு எந்த முகத்தை வைத்துக்கொண்டு சொல்வது? அதற்குள் நீரடி மனிதரைப் பார்க்க ஊர் ஊராகக் கூட்டம் வர ஆரம்பித்திருந்தது. எங்க வீட்டுச் சங்கிலிதான் சார் அது, என்று கணவன் பெருமையடித்துக்கொண்டான். விருந்தாளிகள் வந்தால் அவளைக் கூப்பிட்டு உட்காரவைத்துக் கதை கேட்டார்கள். தண்ணீர் கழுத்திலிருந்து சங்கிலியை உருவியது எப்படி இருந்தது என்றுகூட அவள் வாய் கூசாமல் சொன்னாள். சொல்லிவிட்டுக் குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுவாள். தனக்கே தன்னைப் பிடிக்கவில்லை. தலைவாரும்போதுகூடக் கண்ணாடியில் நெற்றிக்குக் கீழே பார்ப்பதில்லை.

ஏழாவது வருடம் விசில்காரரின் மனைவி கடைக்கு வந்தாள். பார்வை மங்கிவிட்டது, பாறைமேல் படுத்துப் பார்த்தால் கல் எது, அவர் எது என்று புரியவில்லை, தண்ணீருக்கு அடியில் தெரிகிற மாதிரி ஒரு கண்ணாடி வேண்டும் என்றாள். யாரிடம் சொல்கிறோம் என்று அவளுக்குத் தெரியாது. அவள் மூக்கில் சோதனைச் சட்டத்தை மாட்டி இவள் வில்லையை மாற்றி மாற்றிப் போட்டாள்.

"எனக்கென்னம்மா, தெனமும் அவரைப் பாக்குறேன். சங்கிலியைத் தொலைச்சுச்சே ஒரு பொண்ணு, அதை நெனச்சாத்தான் பாவமா இருக்கு. புருஷன் வீட்டுல என்ன பாடு படுதோ. கிடைச்சிரும், கவலைப்படாதேன்னு யாராவது அதுகிட்ட சொன்னா நல்லா இருக்கும்."

சங்கிலி அவர்கள் இருவருக்கும் நடுவே டிராயருக்குள் இருந்தது. பூமி பிளந்து விழுங்காதா என்று இருந்தது இவளுக்கு. எந்த எழுத்துவரை தெரிகிறது என்று மட்டும் கேட்டாள்.

அடுத்த ஞாயிறு, குடும்பத்தோடு ஆற்றுக்குப் போகலாம் என்று அவளே கணவனைக் கிளப்பினாள். உண்மையைச் சொல்ல அல்ல. சங்கிலியை யாருக்கும் தெரியாமல் தண்ணீரில் போட்டுவிட்டால் விசில்காரர் கண்டெடுப்பார், மேலே வருவார், தன் மானமும் தப்பிக்கும் என்று கணக்குப் போட்டிருந்தாள். கணவன் கரையில் கூட்டம் சேர்த்துக் கதை சொல்ல ஆரம்பித்ததும், இடுப்பளவு தண்ணீரில் இறங்கிக் கையை விரித்தாள். சங்கிலி முங்கவில்லை. அத்தனை பவுன் தங்கம் ஒரு இலைபோல மிதந்தது. அழுத்தினாள், கையை எடுத்ததும் மேலே வந்தது. கல்லைக் கட்டிப் போட்டாள். கல்லும் சேர்ந்து மிதந்தது. எடுக்காத பொருளை எடுத்ததாக ஒப்புக்கொள்ள ஆற்றுக்கு இஷ்டமில்லை.

அடியிலிருந்து விசில்காரர் அண்ணாந்து பார்த்தார். ஒரு சாண் ஆழம்வரை எழும்பி வந்து, அங்கேயே நின்று அவள் முகத்தைப் பார்த்தார். அவருக்கு மட்டும் ரகசியமாகச் சொல்லிவிடலாம் என்று அவள் மூச்சைப் பிடித்துத் தலையைத் தண்ணீருக்குள் விட்டுச் சொன்னாள். வார்த்தைகள் குமிழிகளாக மேலே போயின. கரையோரம் ஒவ்வொன்றாக உடைந்து, அவள் குரலிலேயே ஊரறியச் சொல்லின: தொலையல. மறுநாளே கிடைச்சிருச்சு. சோப்பு டப்பாவுல இருந்துச்சு. அத்தை சொன்ன நல்ல வார்த்தை போயிருமேன்னு மறைச்சுட்டேன்.

அவள் தலையைத் தூக்கியபோது கரையில் எல்லோரும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கணவன் கதையின் நடுவில் கையை உயர்த்தியபடி நின்றான். விசில்காரர் மேலே வந்து ஏழு வருடத்துத் தாடியைப் பிழிந்தார்.

"அப்போ ஆறு எடுக்கல?"

"எடுக்கலங்க."

"பின்னாடி நிக்கிறவங்களுக்குக் கேட்டிருக்காது. இன்னொரு தடவை சொல்லுங்கம்மா."

உடம்பு கூசக் கரையைப் பார்த்து அவள் இன்னொரு தடவை சொன்னாள். அவ்வளவுதான். அவர் விசிலை ஊதி, வழுக்குப்பாறையில் ஏறிய இரண்டு பேரைக் கீழே இறக்கப் போய்விட்டார். அவர் மனைவி புதுக் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, இவளைத்தான் முதலில் பார்த்தாள். அந்த வில்லையில் துளி மங்கல் கிடையாது என்பது, போட்டுக் கொடுத்தவளுக்கே தெரியும். மாமியார் மட்டும் பக்கத்தில் வந்து துண்டை நீட்டினாள்.

"அன்னைக்கு நான் உன்னைத் திட்டியே இருக்கணும்" என்றாள்.

சங்கிலியை அவள் கழுத்திலேயே போடச் சொல்லிவிட்டாள் மாமியார். அதற்கு இன்றுவரை தண்ணீர் ஒட்டுவதில்லை. வருடத்துக்கு ஒரு முறை குடும்பம் அந்த ஆற்றுக்கு வருகிறது. அவள் இறங்கினால் சங்கிலி கழுத்தைவிட்டு எழும்பி மோவாய்க்கு முன்னால் மிதக்கும். தெரிந்தவர்கள் தெரியாதவர்களுக்குக் காட்டுவார்கள், சின்னப் பிள்ளைகள் சோப்பு டப்பா அக்கா என்று கூப்பிடுவார்கள், அவள் முகம் ஒவ்வொரு தடவையும் சிவக்கும். சங்கிலியைக் கழற்றி வைத்துவிட்டுக் குளிக்கலாமே என்று மகள் ஒரு முறை சொன்னாள். அவள் கழற்றுவதில்லை.