தெப்ராவ் வழக்கின் ஐந்து சட்டைகள்

தேதிகளைச் சரியாகச் சொல்கிறேனா என்பதில் எனக்கே சந்தேகம் உண்டு. வழக்கு இரண்டு ஆண்டு நடந்ததா, இரண்டரை ஆண்டா என்று கேட்டால் தயங்குவேன். ஆனால் சுட்டுக் கொல்லப்பட்ட ஐந்து பேரின் சட்டைகளும் உடம்புச் சூடு குறையாமல் இருந்தன என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

மலேசியாவின் ஜொகூர் மாநிலத்துத் தெப்ராவில் ஒரு தொழிற்சாலைக் காவலராக இருந்த கமலநாதன், வேலையிலிருந்து நீக்கப்பட்ட அன்று துப்பாக்கியைத் திருப்பித் தராமல் கேண்டீனுக்குள் போனான். மத்தியானச் சாப்பாட்டு நேரம். பக்கத்து ஊரான உலு திராமில் வசிக்கும் ராஜம்மாவின் ஒரே மகன் தீபன் உட்பட ஐந்து பேர் செத்தார்கள். மற்றவர்கள் மேசைக்கடியில் முகம் புதைத்துக் கிடந்ததால் ஒருவரும் எதையும் பார்க்கவில்லை. மிரட்டத்தான் வாசலில் நின்று சுட்டேன், கொல்லும் எண்ணமில்லை என்றான் அவன். ஒவ்வொருவருக்கும் ஒரு கை தூரத்தில் நின்று சுட்டிருக்கிறான் என்பதற்குச் சட்டைகளில் இருந்த வெடிமருந்துக் கருகல் மட்டுமே சாட்சி.

சட்டைகள் காகிதப் பைகளில் முத்திரையிடப்பட்டு, போலீசின் சாட்சிப் பொருள் அறைக்கு வந்தன. அறைப் பொறுப்பாளர் கார்ப்பரல் பிரெட்ரிக் அதிகம் பேசாத மனிதர். முதல் வாரமே பைகள் வெதுவெதுப்பாக இருப்பதைக் கவனித்தார். அடுத்த மாதம் பைகளின் மேல் ஈரம் பூத்தது. ஈரம் ஊறினால் கருகல் அழிந்துவிடும் என்று பயந்து ஒரு மேசை விசிறியைக் கொண்டுவந்து வைத்தார். அந்த அறையில் எது நடந்தாலும் பதிவேட்டில் எழுத வேண்டும். சட்டைகளுக்கு வேர்க்கிறது, விசிறி போடப்பட்டது என்று எழுதினார். மேலதிகாரி சுகுமாறன் அதைப் படித்துவிட்டுத் தலையில் கை வைத்தார்.

"அலமாக்! இதையெல்லாமா எழுதுவாங்க? கிழிச்சிட்டுப் புதுசா எழுது லா. பென்ஷனுக்கு ரெண்டு வருஷந்தான இருக்கு ஒனக்கு."

"நடந்தது சார்," என்றார் பிரெட்ரிக். கிழிக்கவில்லை.

கமலநாதனின் வழக்கறிஞர் திருச்செல்வம் அந்த வரியைத்தான் பிடித்துக்கொண்டார். ஜொகூர் பாரு நீதிமன்றத்தில் மலாயில் நடந்த குறுக்கு விசாரணையை ஊர் தமிழில்தான் சொல்லிக்கொள்கிறது; ஐயா என்பதற்கான துவான் மட்டும் மலாயாகவே நிற்கிறது.

"செத்தவங்க சட்டைக்கு ஃபேன் போட்டீங்களா?"

"போட்டேன் துவான்."

"ஏன், போடலன்னா கோவிச்சுக்குவாங்களா?"

"வேர்த்துச்சு துவான்."

எல்லாரும் சிரித்தார்கள். ராஜம்மா சிரிக்கவில்லை. யாரோ பைகளைப் பிரித்துச் சட்டைகளைப் போட்டுப் பார்த்திருக்கிறார்கள், இந்தச் சாட்சியத்தைத் தள்ள வேண்டும் என்றார் திருச்செல்வம். தள்ளியிருந்தால் கொலை வழக்கு அன்றே வெறும் அஜாக்கிரதை வழக்காகச் சுருங்கியிருக்கும்.

நீதிபதி அம்மையார் பைகளைக் கொண்டுவரச் சொல்லி, ஐந்தின் மீதும் ஒவ்வொன்றாக உள்ளங்கையை வைத்தார். பதினொரு நிமிடம். பிறகு சொன்னார்: சூடு இருக்கிறது, முத்திரை உடையவில்லை. விசிறி போட்டதையே எழுதி வைத்த மனிதர், பை பிரிந்திருந்தால் அதையும் எழுதியிருப்பார். சட்டைகள் சாட்சியமாக ஏற்கப்பட்டன. கமலநாதன் குற்றவாளி என்று தீர்ப்பானது.

தண்டனைக்கு முன் குடும்பத்தார் பேசலாம் என்றபோது ராஜம்மா எழுந்தார். வழக்கு முடிந்ததும் சாட்சிப் பொருள்களை எரித்துவிடுவார்கள் என்று கேள்விப்பட்டிருந்தார்.

"அவனுக்கு என்ன குடுக்கணுமோ குடுங்க, அது ஒங்க வேல. எம்மவன் சட்டைய மட்டும் எரிச்சிராதீங்க யாங் ஆரிப் அம்மா. அது இன்னும் சூடா இருக்கு."

நீதிபதி பேனாவை எடுத்துக் குறித்துக்கொண்டார். பிறகு ஒவ்வொரு கொலைக்கும் நாற்பது ஆண்டு, ஒன்று முடிந்தபின் ஒன்று என்றார். மேல்முறையீடுகள் தீர்ந்தபின் சட்டைகளைக் குடும்பங்களிடமே கொடுத்துவிட வேண்டும் என்றும் உத்தரவிட்டார்.

கமலநாதனின் முறையீடுகள் தள்ளுபடியாகி, அவன் சிறையில் இருக்கிறான். திருச்செல்வம் இப்போது வேறு வழக்குகளில் வாதாடுகிறார். சுகுமாறனுக்குப் பதவி உயர்வு கிடைத்தது. பிரெட்ரிக் பென்ஷன் வாங்கிக்கொண்டு தங்காக் ஊரில் மகள் அமண்டாவோடு இருக்கிறார். இரண்டு குடும்பங்கள் சட்டைகளைக் கல்லறையில் வைத்தன, இரண்டு குடும்பங்கள் பத்திரமாக மடித்து வைத்திருக்கின்றன. ராஜம்மா தீபனின் சட்டையைச் சமையலறை ஆணியில் மாட்டியிருக்கிறார். டிசம்பர் மழையில் தோசை மாவு புளிக்காதபோது, அக்கம்பக்கத்துப் பெண்கள் பாத்திரத்தைக் கொண்டுவந்து அந்தச் சட்டைக்குக் கீழே வைத்துவிட்டுப் போகிறார்கள். காலையில் மாவு பொங்கியிருக்கிறது.