இருபது கிலோ ஜோடி, டெலிவரி இலவசம்

கோவில்பதாகையில் வேம்புலி நடத்திய ஜிம்மில் ராகவன் ஒரு வருடச் சந்தா கட்டினான். போனது பதினோரு நாள். பன்னிரண்டாம் நாள் இடுப்புப் பிடித்துக்கொண்டது என்று சொல்லி வாசலோடு நின்று, வேம்புலியோடு டீ குடித்துவிட்டுத் திரும்பினான். அந்த டீ மட்டும் இரண்டு வருடமாகத் தவறவே இல்லை. கட்டிய பணத்துக்குக் கிடைத்தது ஒரு சிநேகிதன்தான் என்று ராகவனே சொல்லிக்கொள்வான். அவன் தொப்பையைப் பார்த்தவர்கள் யாரும் அதை மறுத்ததில்லை.

ராகவனுக்குச் சொந்த ஊர் விருதுநகர். அம்பத்தூரில் ஒரு மென்பொருள் கம்பெனியில் டீம் லீடர். வீடு பருத்திப்பட்டில், ஏரி தெரியும் என்று சொல்லி விற்கப்பட்ட ஃப்ளாட். துணிக் கம்பியைப் பிடித்து எக்கினால் தெரியும். வேம்புலி கோவில்பதாகையிலேயே பிறந்து வளர்ந்தவன். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் பத்து வருடம் லேத் ஓட்டி, வந்த பி.எஃப். பணத்தில் ஜிம் போட்டவன்.

ஒரு நாள் டீயைக் கையில் வாங்கியதும் வேம்புலி சொன்னான்.

"பில்டிங்க வித்துட்டாங்க மாமே. மாசக் கடைசிக்குள்ள காலி பண்ணணுமாம். அம்பத்தூர்ல ஒரு அபார்ட்மென்ட் ஜிம்முல மேனேஜர் வேலை கெடச்சிகீது, அது பரவால்ல. இந்த சாமானுங்கள இன்னா பண்றதுன்னுதான் தெரியல. காயலான் கடைக்காரன் எல்லாத்தியும் கிலோ முப்பது ரூபான்றான்."

"காயலான் கடையா? ஆன்லைன்ல போட்டா இதெல்லாம் என்ன விலைக்குப் போகும் தெரியுமா?"

என்ன விலைக்குப் போகும் என்று ராகவனுக்கும் தெரியாது. ஆனால் தெரிந்தவன் குரலில் கேட்டுவிட்டான். வேம்புலியும் தெரிந்தவனைப் பார்ப்பது போலவே அவனைப் பார்த்தான்.

"அப்ப நீயே வித்து குடு மாமே. உனக்கு எவ்ளோன்னு சொல்லிடு."

"உங்கிட்ட போய் நான் காசு வாங்குவேனா வேம்பு? ஒரு பைசா வேண்டாம்."

வேம்புலி முகம் ஒரு மாதிரி ஆனது. நெகிழ்ந்துவிட்டான் என்று ராகவன் நினைத்துக்கொண்டான். டீக்குக் காசுகூட அன்று ராகவனே கொடுத்தான்.

கூட்டுறவு வங்கியில் கடன் பிரிவில் இருக்கும் அவன் மனைவி அகல்யா நெகிழவில்லை.

"ஒண்ணுமே வேண்டாம்னு சொல்லிட்டீங்களா?"

"ஃப்ரெண்டும்மா."

"அப்ப கடைசி வரைக்கும் முணுமுணுக்காம பண்ணணும். உங்களால முடியுமா?"

"ஏன் முடியாது?" என்றான் ராகவன். நான்கு நாள் முடிந்தது.

முதலில் சின்னச் சாமான்களைப் போட்டான். பிரிக்காத பாக்ஸிங் கிளவுஸ் பன்னிரண்டு ஜோடி இருந்தன. ஜோடி தொள்ளாயிரம் ரூபாய், டெலிவரி இலவசம். விற்பனைத் தளம் விலையில் நூற்றுக்குப் பன்னிரண்டு எடுத்துக்கொள்ளும், அதற்கு மேல் ஆர்டருக்கு முப்பது. கூரியர் நூற்றிருபது. பேக்கிங் அறுபது. இதையெல்லாம் எக்ஸெல்லில் ஏற்றி, ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு நிறம் கொடுத்து, மேலே 'வேம்புலி ப்ராஜெக்ட்' என்று தலைப்புப் போட்டான். ஆபீஸில்கூட அவன் இவ்வளவு அழகாக ஒரு தாள் செய்ததில்லை.

தாள் அழகாக இருந்தது, வேலை அப்படி இல்லை. ஒரு ஜோடி கிளவுஸுக்கு எட்டு ஃபோட்டோ. "கடைசி விலை என்ன?" என்று மட்டும் கேட்டுவிட்டு மறைந்துபோகும் இருபது பேருக்குப் பதில். ஆவடி கூரியர் கடையில் வரிசை. ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் பபிள் ரேப்பும் டேப்புமாகப் போனது. ஐந்தாம் நாள் தன் சம்பளத்தை மணிக் கணக்காக்கி, செலவழித்த மணிகளால் பெருக்கிப் பார்த்தான். வந்த தொகை எல்லா கிளவுஸின் விலையையும் தாண்டியது. உடனே அதை அழித்தான். அழித்தாலும் மனசிலிருந்து போகவில்லை.

நட்புக்குச் செய்வதற்குக் கூலி கேட்கக் கூடாது. கேட்கமாட்டேன் என்று வேறு சொல்லியாகிவிட்டது. ஆனால் கேட்காமல் எடுத்துக்கொண்டால்? ராகவன் 'பேக்கிங்' என்ற தலைப்பை 'பேக்கிங் மற்றும் இதர' என்று மாற்றினான். அறுபதை நூற்றைம்பது ஆக்கினான். அந்த 'இதர' என்பது அவன்தான். ஆர்டருக்குத் தொண்ணூறு ரூபாய். கமிஷன் என்று சொல்லியிருந்தால் நேர்மையாக இருந்திருக்கும். சொல்லாததால் திருட்டாகிவிட்டது என்பது அவனுக்கும் தெரிந்தது. அதனால்தான் அந்தக் கட்டத்துக்கு மட்டும் வெளிர் சாம்பல் நிறம் கொடுத்தான், கண்ணில் படாமல் இருக்க.

பன்னிரண்டு ஜோடியும் விற்றன. ஜோடிக்கு நானூற்றுத் தொண்ணூற்றிரண்டு ரூபாய் வேம்புலிக்குப் போனது. ராகவனிடம் ஆயிரத்து எண்பது ரூபாய் சத்தமில்லாமல் சேர்ந்தது. வாங்கியவர்கள் எல்லோரும் ஐந்து நட்சத்திரம் கொடுத்திருந்தார்கள். பதினான்கு வருட வேலையில் எந்த மேனேஜரும் அவனுக்கு ஐந்து கொடுத்ததில்லை.

அந்த மிதப்பில்தான் இருபது கிலோ டம்பெல் ஜோடியைப் போட்டான். நாலாயிரம் ரூபாய், டெலிவரி இலவசம். எக்ஸெல்லில் புது வரி எழுதச் சோம்பல்பட்டு, மேலே இருந்த கட்டங்களைப் பிடித்துக் கீழே இழுத்தான். எல்லாம் தானாக நிரம்பின. தளத்துக்கு ஐந்நூற்றுப் பத்து, கூரியர் நூற்றிருபது, பேக்கிங் மற்றும் இதர நூற்றைம்பது, வேம்புலிக்கு மூவாயிரத்து இருநூற்றிருபது. ஓசூரிலிருந்து ஆர்டர் வந்த அரை மணி நேரத்தில், தன் வேகத்தைக் காட்ட வேண்டும் என்றே வேம்புலிக்கு அந்தப் பணத்தை அனுப்பியும் விட்டான். தாளையும் ஃபோட்டோ எடுத்துக் கூடவே அனுப்பினான்.

கூரியர் கடையில் இருந்த பெண் பெட்டியை நகர்த்தப் பார்த்துவிட்டு நிமிர்ந்தாள்.

"இன்னாண்ணா உள்ள? கல்லா?"

"டம்பெல்ஸ்."

உள்ளே இருந்து இருவர் வந்து தராசில் ஏற்றினார்கள். "நாப்பத்தி மூணு கிலோ. கிலோ அம்பத்தஞ்சு. ரெண்டாயிரத்தி முந்நூத்தி அறுபத்தஞ்சுண்ணா."

"போன தடவை எல்லாம் நூத்தி இருபதுதானே வாங்கினீங்க?"

"அது கிளவுஸ்ணா," என்றாள் அந்தப் பெண் பொறுமையாக.

ஆர்டரை ரத்து செய்திருக்கலாம். ரத்து செய்தால் ஒரு நட்சத்திரம் குறையும். ராகவன் கார்டை நீட்டினான். வெளியே வந்து பைக்கில் உட்கார்ந்தபடி கணக்குப் போட்டான். தாளில் எழுதியதற்கு மேல் கையிலிருந்து போனது இரண்டாயிரத்து இருநூற்று நாற்பத்தைந்து. திருடிச் சேர்த்த ஆயிரத்து எண்பதும் அதில் கரைந்து, மேற்கொண்டு ஆயிரத்துக்கு மேல் நஷ்டம். திருட்டில் நஷ்டப்பட்டவன் ஆவடி தாலுக்காவிலேயே தான் ஒருவனாகத்தான் இருக்கும் என்று அவனுக்குத் தோன்றியது.

பணம் போன செய்தி அகல்யாவின் ஃபோனுக்கும் வந்திருந்தது. இதரவை விட்டுவிட்டு மற்றதைச் சொன்னான். அவள் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"நிஜமான கூரியர் செலவைக் கழிச்சா அந்த ஜோடிக்கு என்ன நின்னிருக்கும்?"

"தொள்ளாயிரத்து எழுபத்தஞ்சு."

"காயலான் கடையில போட்டிருந்தா நாப்பது கிலோவுக்கு ஆயிரத்து இருநூறு," என்று சொல்லிவிட்டு அவள் வெங்காயம் நறுக்கப் போனாள்.

யாருக்கும் தெரியாமல் இது இப்படியே முடிந்துவிடும் என்றுதான் ராகவன் நம்பினான். ஞாயிறு காலை அழைப்பு மணி அடித்தது. கதவைத் திறந்தால் வேம்புலி. வியர்த்து வழிய, லிஃப்டிலிருந்து இருபது கிலோ டம்பெல்களை ஒவ்வொன்றாக இறக்கிக்கொண்டிருந்தான்.

"இன்னும் மூணு ஜோடி கீது மாமே! மூவாயிரத்தி இருநூறு நின்னுச்சே, சூப்பரு. அதே ரேட்டுல போட்டு உட்ரு."

ராகவன் அந்த ஆறு டம்பெல்களையும் பார்த்தான். மூன்று ஆர்டர், மூன்று முறை கூரியர் கடை, ஏறக்குறைய ஏழாயிரம் ரூபாய். மானம் பெரிதுதான். ஆனால் ஏழாயிரத்துக்கு அவனிடம் அவ்வளவு மானம் இல்லை.

"வேம்பு, உள்ள வா. ஒண்ணு சொல்லணும்."

கூரியர் கதையை முதலில் சொன்னான். அது சுலபமாக இருந்தது. அதைச் சொன்ன பிறகு இதரவைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை, ஏனென்றால் வேம்புலி பதறிப்போய், "அய்யய்யோ, எனக்காக உன் கைக்காசு போட்டியா?" என்று அவன் கையைப் பிடித்துக்கொண்டான். அந்தக் கை சுட்டது. அறுபது நூற்றைம்பதான கதையையும் ராகவன் தரையைப் பார்த்தபடியே சொல்லி முடித்தான். அடுக்களையில் பாத்திரச் சத்தம் நின்றுபோயிருந்தது.

வேம்புலி பிடித்த கையை விட்டான். பிறகு சிரித்தான்.

"உங்கிட்ட சந்தா வாங்கசொல்ல லாக்கர் சார்ஜுன்னு ஐந்நூறு ரூபா வாங்கினேனே, ஞாபகம் கீதா?"

"ஆமா."

"நம்ம ஜிம்முல எங்கனா லாக்கர் பாத்துகீறியா?"

ராகவன் தன் பதினோரு நாளையும் யோசித்துப் பார்த்தான். செருப்பு விடும் இடம் இருந்தது. சட்டை மாட்ட ஆணி இருந்தது.

"இல்ல."

"இல்லதான். அது என்னோட இதர," என்றான் வேம்புலி. "இன்னொண்ணு கேளு. நூத்தி இருபதுன்னு நீ அனுப்பின கணக்க நானும்தான் பாத்தேன். நாப்பது கிலோவ ஓசூருக்கு எவன் நூத்தி இருபதுக்குத் தூக்குவான்? எனக்குத் தெரியாதா? கம்ப்யூட்டர்காரன் போட்டுகீறான், கரெக்டாத்தான் இருக்கும்னு உட்டுட்டேன். அதனால அந்த நஷ்டத்துல பாதி என்னுது."

"ஆயிரத்து நூத்தி இருபத்திரண்டு ரூபா அம்பது காசு," என்றான் ராகவன் தன்னையறியாமல். சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டான்.

"அம்பது காச நீ வெச்சிக்க. அந்த ஆயிரத்து எம்பதும் உன் கூலி, அத உட்டுரு. ஆனா ஃப்ரீன்னு மட்டும் இனிமே சொல்லாத மாமே. நீ ஃப்ரீன்னு சொன்னன்னிக்கே எனக்குத் திக்குனு ஆயிடுச்சு. துட்டு வாங்காதவன்கிட்ட இன்னா கேக்க முடியும்? ஏன் லேட்டுன்னு கேக்கலாமா? ஃபோட்டோ நல்லால்லன்னு சொல்லலாமா? அந்த கிளவுஸ் ஃபோட்டோல உன் கால் கட்டவிரல் தெரியுது. ரெண்டு வாரமா சொல்ல முடியாம முழுங்கிகினு கீறேன்."

ராகவன் ஃபோனை எடுத்துப் பார்த்தான். எட்டு ஃபோட்டோவில் மூன்றில் விரல் தெரிந்தது.

மோர் கொண்டுவந்த அகல்யாதான் ஒரு தாளில் எழுதினாள். ரசீது உள்ள செலவு முதலில் கழியும். மிச்சத்தில் ஐந்தில் ஒரு பங்கு ராகவனுக்கு, நாலு பங்கு வேம்புலிக்கு. இரண்டே வரி. அதற்கு நிறம் எதுவும் தேவைப்படவில்லை.

கனமான சாமான்களுக்கெல்லாம் 'நேரில் வந்து எடுத்துச் செல்லவும்' என்று போட்டார்கள். மேனாம்பேட்டிலிருந்து அபிஷேக் என்று ஒருவர் லோடு ஆட்டோவோடு வந்து மூன்று ஜோடியையும் பெஞ்சையும் அள்ளிக்கொண்டு போனார். ட்ரெட்மில்லைப் பருத்திப்பட்டிலேயே ஒரு குடும்பம் வாங்கியது. இடையில் வேம்புலி தினம் மூன்று முறை ஃபோன் செய்தான். சுவர்க் கண்ணாடியை ஏன் இன்னும் விற்பனைக்குப் போடவில்லை, ட்ரெட்மில்லை ஏன் இருட்டில் படம் எடுத்தாய், அந்த ஆளுக்கு ஏன் இன்னும் பதில் சொல்லவில்லை என்று விரட்டினான். ஆபீஸில் இப்படி யாராவது பேசினால் ராகவனுக்கு ரத்தம் கொதிக்கும். இது ஏனோ பிடித்திருந்தது. மாதக் கடைசிக்கு இரண்டு நாள் முன்பே ஜிம் ஹால் காலியானது. இந்த ஏற்பாட்டுக்குப் பிறகு விற்றதில் செலவு போக முப்பதாயிரம் நின்றது. ஆறாயிரத்தை வேம்புலியே எண்ணி ராகவன் சட்டைப் பையில் வைத்தான்.

அடுத்த வாரம் ஒரு புது எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. கோவில்பதாகையில் கல்யாணச் சமையல் எடுத்து நடத்தும் எல்லம்மா என்ற பெண்மணி. தொழிலை நிறுத்துகிறாராம். கேஸ் அடுப்பு மூன்று, அண்டா, தேக்சா எல்லாம் இருக்கின்றனவாம்.

"வேம்புலி சொல்லிச்சி தம்பி, நீங்க வித்து குடுப்பீங்கன்னு. உங்களுக்கு எவ்ளோ தரணும்?"

'அதெல்லாம் ஒண்ணும் வேண்டாம்கா' என்ற வாக்கியம் தொண்டை வரை வந்துவிட்டது. எதிரே சாப்பிட்டுக்கொண்டிருந்த அகல்யா கையை நிறுத்தி நிமிர்ந்து பார்த்தாள். ராகவன் ஒரு வாய் தண்ணீர் குடித்தான்.

"செலவு போக அஞ்சுல ஒரு பங்குக்கா."

சொல்லி முடித்ததும் அவனுக்குக் காது மடல் வரை சிவந்துவிட்டது.

"ஆறுல ஒண்ணு வெச்சிக்க தம்பி."

பேரமும் பேசுவார்கள் என்று அவன் யோசித்திருக்கவே இல்லை.

"சரிக்கா," என்றான் உடனே.

அகல்யா தலையில் அடித்துக்கொண்டு சாப்பிடத் தொடங்கினாள்.