அப்பா வரச் சொன்னவர்

நாகேந்திரம் வீட்டில் ஆளோடு ஆள் நேராகக் கதைக்கிற வழக்கம் ஒழிந்து பல வருடம். மூத்தவள் அருந்ததி கொட்டாஞ்சேனை செபஸ்தியனைக் கட்டிக்கொண்டு போன அன்றே, "எனக்கும் அவளுக்கும் இனிக் கதையில்லை" என்று சொல்லிவிட்டார் மனிதர். சொன்ன சொல் மாறாதவர் என்று அவருக்கு நல்ல பெயர் வேறு. அந்தப் பெயரை வைத்து நாக்கு வழிக்கவா முடியும்? பேரப்பிள்ளை பிறந்ததைக்கூட அடுத்தவர் வாயால்தான் கேட்டார்.

அடுத்தவர் என்றால் வேறு யாருமில்லை. வெள்ளவத்தை ஃபிளாட்டில் அவரோடு இருந்த இரண்டாவது மகள் சுபோதினியும், டொரன்டோவில் இருந்த கடைசி மகன் அபிஷனும்தான். அப்பா சொன்னதை அக்காவிடமும் அக்கா சொன்னதை அப்பாவிடமும் இரண்டு பேரும் காவிக்கொண்டுபோய்ச் சொன்னார்கள். ஒருமுறை அருந்ததிக்கு டெங்குக் காய்ச்சல் என்று சுபோதினி சொன்னாள். அவள் சுகமான பிறகு அதே காய்ச்சலை அபிஷன் போனில் சொன்னான். திரும்பவும் வந்துவிட்டது, எதையோ என்னிடம் ஒளிக்கிறீர்கள் என்று கிழவர் பதறிக் கூச்சல் போட்டார். அதற்குப் பிறகு அபிஷனும் சுபோதினியும் ஒரு ஒழுங்கு வைத்துக்கொண்டார்கள். தான் நேராகக் கேட்டதைத் தான்தான் போய்ச் சொல்ல வேண்டும். மற்றவர் வாயால் வந்ததைத் திரும்பக் காவக்கூடாது.

இந்த மூளை சுபோதினியுடையது. அவளுடைய வேலையே அதுதானே. ஒரு தொலைத்தொடர்புக் கம்பனியில் நெட்வேர்க் இஞ்சினியர். கடைகளும் வங்கிகளும் தங்கள் கிளைகளை இணைக்கக் கேட்கிற தனிப் பாதைகளை, விபிஎன் என்கிறார்களே, அவற்றைப் பார்த்துக்கொள்பவள். எந்தக் கிளைக்கு எது வழி என்று நாடு முழுக்க இருக்கிற ரவுட்டர்கள் தங்களுக்குள் சொல்லிக்கொள்ளும். அந்தப் பேச்சுக்குப் பிஜிபி என்று பெயர். அதிலே ஒரு கட்டுப்பாடு: கம்பனிக்குள் ஒருவரிடம் கேட்டதைக் கம்பனிக்குள் இன்னொருவருக்குச் சொல்லக்கூடாது. சொன்னால் கதை சுற்றிச் சுற்றி வரும். அப்படியானால் ஒவ்வொன்றும் மற்ற எல்லாவற்றோடும் நேராகக் கதைக்க வேண்டும். அது நடக்கிற காரியமா? ஆகவே நடுவில் இரண்டு பேருக்கு மட்டும் விலக்கு. ரவுட் ரிஃப்ளெக்டர்கள். ஒன்று கொழும்பில், மற்றது கண்டியில். கதை சுற்றி வந்தால் கண்டுபிடிக்க, தாங்கள் சொல்லும் எதிலும் கிளஸ்டர் நம்பர் என்று ஒரு அடையாளத்தை ஒட்டிவிடும். அவை சாமான் சுமப்பதில்லை, கேட்ட வழியை மற்றவர்களுக்குச் சொல்லும், அவ்வளவுதான். வழி தெரிந்தவர்கள் பிறகு நேராகப் போய்க்கொள்வார்கள்.

நாகேந்திரம் குடும்பத்தில் யாரும் நேராகப் போகவில்லை என்பதுதான் வித்தியாசம்.

அம்மாவின் திவசத்தன்று அது இன்னும் கெட்டது. அருந்ததி வர ஆசைப்பட்டாள். அப்பா கோயிலுக்குப் போனபிறகு வந்து படையலைக் கும்பிட்டுவிட்டு, அவர் வர முதல் போய்விடு என்றாள் சுபோதினி. நல்லதுக்குத்தான் சொன்னாள். "கள்ளி மாதிரி வந்துபோகச் சொல்லுறியோடி?" என்று கேட்டுப் போனை வைத்த அருந்ததி அதன்பிறகு தங்கையின் நம்பரையே தடுத்துவிட்டாள். இந்த வெட்கக்கேட்டைச் சுபோதினி தம்பிக்குச் சொல்லவில்லை. அவன் மட்டும் என்ன திறமா? வீட்டைப் பூட்டிவிட்டுக் கனடாவுக்கு வாருங்கள் என்று அவன் கேட்டதிலிருந்து அப்பா அவன் போனை எடுப்பதேயில்லை. அவனும் அதை ஒருவருக்கும் மூச்சு விடவில்லை. அவன் போன் அடிக்கிற நேரம் சுபோதினி வேலையில், ஆகையால் அவளுக்கும் தெரியாது. ஆளுக்கொரு கம்பி அறுந்து கிடந்தது. ஆளுக்கொரு கம்பி மிச்சம் இருந்தபடியால் ஒருவரும் கவனிக்கவில்லை.

பிறகு அப்பாவுக்கு நெஞ்சு அடைத்தது. பைபாஸ் செய்ய வேண்டும் என்று வார்ட்டில் வைத்துக்கொண்டார்கள்.

காலி வீதியில் பஸ்ஸுக்குள் நசுங்கிக்கொண்டு வந்தபோது அபிஷனின் குரல் செய்தியைக் கேட்டாள் சுபோதினி. "சின்னக்கா, பெரியக்கா கேக்கிறா, அப்பாவைப் பாக்க வரட்டோ எண்டு. கேக்காமல் வந்து முந்தி வாசலில திரும்பினதாம், அதால பயமாம்." நல்ல காரியம் என்று நினைத்தாள். அவன் நேராகக் கேட்டது, அவனே அப்பாவிடம் கேட்டிருப்பான். போனைப் பைக்குள் போட்டாள்.

அன்று பின்னேரம் அப்பா அவளுடைய கையைப் பிடித்தார். "பிள்ளை, மூத்தவளை ஒருக்கா வரச் சொல்லு."

அபி கேட்டிருக்கிறான், இதுதான் பதில் என்று எண்ணினாள். வார்ட்டுக்கு வெளியே வந்து தம்பிக்கு எழுதினாள்: "அப்பா அக்காவை வரச் சொல்லுறார்!" அவன் கும்பிடுகிற கைகள் இரண்டை அனுப்பினான். அக்காவுக்குச் சொல்லிவிட்டான் என்று அவள் எடுத்துக்கொண்டாள். சின்னக்கா நேராகக் கேட்டது, அவ சொல்லியிருப்பா என்று அவன் எடுத்துக்கொண்டான்.

அதன்பிறகு பார்வையாளர் மணி அடிக்கிற போதெல்லாம் நாகேந்திரம் வாசலைப் பார்த்தார். முகச்சவரம் செய்துவிடச் சொன்னார். பக்கத்துக் கட்டில்காரரிடம், "என்ரை மூத்தவள் வருவாள்" என்று சொன்னதையும் சுபோதினி கேட்டாள். ஆட்கள் வந்தார்கள், அருந்ததி வரவில்லை.

"அவளுக்குச் சொன்னியளே?"

"சொன்னதப்பா."

"வரேல்லைத்தானே." முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பினார். "விடு பிள்ளை. நான் செய்ததைத்தானே அவளும் செய்யிறாள்."

சுபோதினிக்கு அக்காவை நினைக்க நெஞ்சு பற்றி எரிந்தது. சாகக் கிடக்கிற மனிதரிடமா வீம்பு? இப்படி ஒரு கல்லையா நான் அக்கா என்று கூப்பிட்டேன் என்று குளியலறைக்குள் அழுதாள்.

வேலை பார்க்கிற கந்தோரில் வேறு தலையிடி. ஒரு மருந்துக்கடைக்காரரின் வெள்ளவத்தைக் கடையும் கொட்டாஞ்சேனைக் கடையும் ஒன்றையொன்று காணவில்லை. மற்றக் கிளைகள் எல்லாம் இரண்டையும் காண்கின்றன, இந்த இரண்டும் மட்டும் ஒன்றுக்கொன்று செத்துப்போனவை. அவளும் பக்கத்து மேசை நிலாமும் மண்டையை உடைத்தார்கள். ஒரு பகல் போனபிறகுதான் அவளுக்குப் பிடிபட்டது.

"இஞ்ச பாருங்கோ நிலாம். வெள்ளவத்தைக்குக் கண்டியோடை தொடர்பு அறுந்திருக்கு, கொழும்போடை மட்டும்தான் கதைக்குது. கொட்டாஞ்சேனைக்குக் கொழும்போடை அறுந்திருக்கு, கண்டியோடை மட்டும். வெள்ளவத்தை சொன்னதைக் கொழும்பு கண்டிக்குச் சொல்லுது. ஆனா ரெண்டு ரிஃப்ளெக்டருக்கும் ஒரே கிளஸ்டர் நம்பரைக் குடுத்து வைச்சிருக்கிறம்."

"அப்ப?"

"தன்ரை நம்பரைக் கண்ட உடனை, இது எங்கடை கதை, சுத்தி வந்திருக்கு எண்டு கண்டி அதை எறியுது. அந்தப் பக்கத்தாலை வாறதைக் கொழும்பும் எறியுது. ஒண்டும் பிழை எண்டு காட்டாது. கேட்டதெல்லாம் கேட்டதுதான். சொல்லத்தான் இல்லை."

"யார் வச்ச இந்த ஒழுங்க?" என்றான் நிலாம்.

"நான்தான்" என்றாள். நம்பரை மாற்றினாள். இரண்டு கடையும் அந்த நிமிடமே கதைக்கத் தொடங்கின. நிலாம் கை தட்டினான். அவளுடைய போன் அடித்தது. வார்ட்டிலிருந்து தாதி கதைத்தாள், சிங்களத்தில், மிக மெதுவாக. ஒப்பரேஷனுக்குக் கொண்டுபோக முதலே நாகேந்திரம் போய்விட்டார்.

தம்பிக்கு ஒரே வரி போட்டாள்: "அப்பா போயிட்டார்." அதற்குமேல் விரல் ஓடவில்லை. கிட்ட இருக்கிற சின்னக்கா மற்றவர்களுக்குச் சொல்லுவா என்று அவன் டிக்கெட்டுக்கு ஓடினான்.

அடுத்த நாள் காலை மலர்ச்சாலையில் சவப்பெட்டியைத் திறந்து வைத்தார்கள். தெஹிவளையிலிருந்து சொந்தங்கள் வந்தன, கல்கிசையிலிருந்து அப்பாவோடு வேலை செய்தவர்கள் வந்தார்கள். ஒவ்வொருவரும் காதுக்குள் கேட்டார்கள்: "மூத்தவள் வரேல்லையோ?" பத்தாவது ஆளுக்கோ பதினோராவது ஆளுக்கோ சுபோதினிக்குப் பொறுமை போனது. வாசலில் நின்ற ஓட்டோவில் ஏறி, கொட்டாஞ்சேனை என்றாள். நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டுவிட்டுத்தான் திரும்புவேன் என்று வழி முழுக்க அந்த நாலு வார்த்தையையும் சொல்லிப் பார்த்தாள்.

கதவைத் திறந்த அருந்ததி பூப்போட்ட சட்டை உடுத்திருந்தாள். கையில் மீன் செதில். உள்ளே ரேடியோ பாடிக்கொண்டிருந்தது.

தங்கையைக் கண்டதும் அவளுடைய முகம் முதலில் இறுகியது. பிறகு தானாகவே இளகியது.

"என்னடி, ஒப்பரேஷன் முடிஞ்சுதே? அப்பா எப்பிடி இருக்கிறார்?"

சுபோதினியின் வாயில் வைத்திருந்த நாலு வார்த்தையும் எங்கேயோ போயின.

"அபியிட்டைக் கேக்கச் சொன்னனான், வரட்டோ எண்டு. பதிலே இல்லை. பறவாயில்லை, விருப்பமில்லையெண்டா நான் என்ன செய்யிறது? கோயிலில மெழுகுதிரி கொளுத்திக்கொண்டு இருக்கிறன்."

பஸ்ஸுக்குள் கேட்ட குரல் அப்போதுதான் சுபோதினிக்கு ஞாபகம் வந்தது. அந்தக் கேள்வி தன்னிடம் வந்தது. பைக்குள் போட்டதும் அவளேதான். கண்டி எறிந்ததும் கொழும்பு எறிந்ததும், மருந்துக்கடையும், கும்பிடுகிற கைகளும் ஒன்றாக வந்து விழுந்தன. சொல்ல இரண்டு செய்தி இருந்தது. ஒன்று நாள்பட்டது, மற்றது நேற்றையது. வந்த வரிசையில்தான் வாய் திறந்தது.

"அக்கா... அப்பா உன்னை வரச் சொன்னவர்."

அருந்ததி கிட்ட வந்தாள்.

"உண்மையாவோ? அவரே சொன்னவரோ? அவரின்ரை வாயாலையோ?"

"ஓம். மூத்தவளை வரச் சொல்லு எண்டவர்."

அருந்ததியின் கண் நிறைந்து வழிந்தது. செதில் கையாலேயே முகத்தைத் துடைத்தாள், சிரித்தாள். "இஞ்சருங்கோ! அப்பா வரச் சொன்னவராம்! ஓட்டோவை நிப்பாட்டுங்கோ!" என்று புருஷனைக் கூப்பிட்டுக்கொண்டு உள்ளே ஓடினாள். அலுமாரி திறக்கிற சத்தம் கேட்டது.

"சுபா, எந்தச் சீலையடி கட்டுறது? அந்தப் பச்சை அவருக்குப் பிடிக்கும் என்ன?" உள்ளேயிருந்து குரல் வந்தது. "குழம்பு இப்ப இறக்கீடுவன். ஆஸ்பத்திரியில வீட்டுச் சாப்பாடு குடுக்க விடுவினமே?"

சுபோதினி வாசலிலேயே நின்றாள். மற்றச் செய்தி இன்னும் அவளிடம்தான் இருந்தது.