பாய்லர்காரர் மனைவியின் காது

பாய்லர்காரர் இழந்த கேட்கும் சக்தி வேறெங்கும் போகவில்லை, அப்படியே அவர் மனைவியின் காதுக்குப் போய்ச் சேர்ந்தது. மீசை அரும்பிய வயதிலிருந்து பட்டறையில் பாய்லர் செய்ய இரும்புத் தகட்டைச் சம்மட்டியால் அடித்து வளைத்தவர் அவர். கல்யாணமான புதிதில், வேலை விட்டு வந்ததும் காதுக்குள் வண்டு சுற்றுகிறது என்பார். விடிந்தால் வண்டு போய்விடும். ஒரு வருஷம் வந்த வண்டு விடிந்தும் போகவே இல்லை. முதலில் குருவிச் சத்தம் நின்றது, அப்புறம் வாசல் மணி, அப்புறம் பேச்சில் சில எழுத்துகள். மனைவி சட்டை கேட்டால் அவர் அட்டைப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வருவார். இருவரும் சிரிப்பார்கள். அந்த நாட்களில்தான் அவளுக்குப் பக்கத்து வீட்டில் ஊசி விழுவது கேட்கத் தொடங்கியது. தையல் அவள் தொழில் என்பதால், தன் ஊசிதான் விழுந்ததென்று தரையைத் தடவிக்கொண்டிருந்தாள்.

மகள்தான் இருவரையும் ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனாள். காது சோதிக்கும் பெண்ணை அங்கே எல்லோரும் காது மேடம் என்பார்கள். கெட்டிக் கதவும் இரட்டைக் கண்ணாடியும் வைத்த சிறு அறைக்குள் பாய்லர்காரரை உட்கார்த்தி, ஹெட்போனை மாட்டி, கையில் ஒரு பொத்தானைக் கொடுத்தாள். எவ்வளவு மெல்லிய சத்தம் கேட்டாலும் அமுக்க வேண்டும். அவர் அமுக்க அமுக்க அவள் கட்டம் போட்ட தாளில் குறித்தாள்: வலது காதுக்குச் சிவப்பு வட்டம், இடது காதுக்கு நீலப் பெருக்கல் குறி. குறி கீழே போகப் போகக் காது மோசம் என்று அர்த்தம். கனத்த சத்தங்களில் சுமாராக இருந்த குறிகள், கீச்சுச் சத்தங்களுக்கு வந்ததும் கிணற்றுக்குள் இறங்குவதுபோல இறங்கின. காதுக்குப் பின்னால் எலும்பில் அதிர்வு வைத்துப் பார்த்தாலும் அதே கதைதான். உள்நரம்பு போய்விட்டது, மருந்து கிடையாது என்றாள். அடுத்து மனைவி உட்கார்ந்தாள். மெஷினில் இருந்த மிகக் குறைந்த சத்தத்துக்கும் அவள் அமுக்கினாள். அதன்பின் ஒன்றும் அனுப்பாதபோதும் அமுக்கினாள்.

“நான் இன்னும் சத்தமே குடுக்கலையேம்மா?”

“நீ சுவிட்சைத் தொடுறப்ப உன் விரல் எலும்பு நெட்டி முறியுதே.”

இரண்டு படங்களையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்து ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தாள் காது மேடம். அவருக்கு எவ்வளவு இறங்கியிருந்ததோ, அவளுக்கு அவ்வளவு தாளின் விளிம்பைத் தாண்டி ஏறியிருந்தது. அதையும் குறித்து வைத்தாள்.

பாய்லர்காரர் பட்டறையை விட்டார். காது தேறவில்லை. தன் குரல் தனக்கே கேட்காததால், தண்ணீர் கேட்பதற்கும் சண்டைக்காரன் மாதிரி கத்தினார். ஒவ்வொரு தடவையும் அவள் அடி வாங்கியவள்போல் சுருண்டாள். மகள் காதுமெஷின் வாங்கிக் கொடுத்தாள். அதை மாட்டிய அன்று அவர் மெதுவாகப் பேசினார், மனைவி பெயரைச் சொல்லிப் பார்த்துக்கொண்டார். ஆனால் மெஷின் கீச்சென்று விசிலடித்தது. அது அவருக்குக் கேட்காது, அவளுக்கு மட்டும் கேட்கும். அவள் சொல்லவில்லை. மூன்றாம் நாள் அவள் தலையணையில், காதுப் பக்கம் ரத்தத்தைப் பார்த்துவிட்டு அவரே கழற்றிப் பெட்டிக்குள் போட்டார். அதன்பின் பேசுவதையும் விட்டார், காலில் துணி சுற்றிக்கொண்டு நடந்தார். அப்போதும் அவள் அவர் இமை மூடுவதைக் கேட்டாள்.

அடுத்த சோதனைக்கு வந்தவள் அந்தக் கண்ணாடி அறையை விட்டு வெளியே வரவில்லை.

“இங்க கொஞ்சம் தேவலாம்மா. சித்த நேரம் இருந்துட்டு வரேன்.”

அந்தச் சித்த நேரம் வருஷங்களாயிற்று. ஆஸ்பத்திரி புதிதாக ஒரு அறை கட்டிக்கொண்டு சோதனைகளை அங்கே மாற்றியது. காது மேடம் சாப்பாடு கொண்டுபோவாள், அவளிடம் மூச்சுக்காற்றால் மட்டும் பேசுவாள். பாய்லர்காரர் தினமும் வந்து கண்ணாடிக்கு வெளியே உட்கார்ந்து அவளைப் பார்த்துவிட்டுப் போவார். அவர் காதில் மிச்சமிருந்த கொஞ்சமும் போன அன்று, அவள் உள்ளே காதைப் பொத்திக்கொண்டு அழுதாள். என்ன கேட்கிறது என்று காது மேடம் கேட்டாள்.

“மனசுக்குள்ள என்னைக் கூப்பிடுறாரு. அதையும் கத்திக்கிட்டுதான் கூப்பிடுறாரு.”

காது மேடம் ஒரு தாளில், ‘மெதுவாக நினையுங்கள்’ என்று எழுதி அவரிடம் காட்டினாள். அவர் பிள்ளைபோலத் தலையாட்டினார். கண்ணை மூடி முயன்று பார்த்தார். முடியவில்லை. மறுநாள் ஆஸ்பத்திரி நடையின் கோடியில் போய் உட்கார்ந்தார், பிறகு தெருவில், பிறகு பஸ் நிலையத்தில். எதுவும் போதாமல் போக, மகள் ஊருக்கே போய்விட்டார். அவ்வளவு தூரத்தில் அது தாங்கும்படி இருந்தது. இன்றைக்குச் சாப்பிடவில்லை, மழையில் நனைந்திருக்கிறார், என்னைத்தான் நினைக்கிறார் என்று அவள் சொல்ல, காது மேடம் மகளுக்குப் போன் செய்து சொல்வாள். ஒருதடவைகூடத் தப்பானதில்லை. நீ வந்து பார்த்துவிட்டுப் போயேன் என்று மகள் எத்தனையோ முறை கூப்பிட்டாள். கிட்டப் போனால் செத்துப்போவேன், செத்தால் அவரை யார் கேட்பது என்றாள் தாய்.

ஒரு சாயங்காலம் கெட்டிக் கதவு தானாகத் திறந்தது. அவள் சேலையைச் சரிசெய்துகொண்டு வெளியே வந்து நின்றாள். “நின்னுடுச்சு” என்றாள். மேசையில் போன் அடித்தது. அவள் திடுக்கிடவில்லை. காது மேடம் பேசிவிட்டு வைத்தாள். மகள்தான் பேசினாள். காது மேடம் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, பல வருஷப் பழக்கத்தில், மூச்சுக்காற்றால் என்னவோ ஆறுதல் சொன்னாள்.

அவள் தலையைச் சாய்த்து, காதோரம் கையைக் குவித்தாள்.

“கொஞ்சம் சத்தமாச் சொல்லும்மா, காதுல விழல.”