வங்கிக்குச் சிவப்பு அட்டை

என் கணவர் நெவ் பல வருடமாக எதிலும் கையெழுத்துப் போடாமலே இருந்தார். பிறந்தநாள் வாழ்த்து அட்டை என்றாலும் பேனாவோடு என்னிடம் நீட்டிவிடுவார். இரண்டு பெயரையும் நானே எழுத வேண்டும். பார்சல் கொண்டுவரும் பையன் கையெழுத்துக் கேட்டால், "இரு தம்பி, வீட்டுக்காரம்மா வருவாங்க" என்று உள்ளே நழுவிவிடுவார். சூடு கண்ட பூனை அடுப்பங்கரையை நாடாது என்பார்கள். எங்கள் வீட்டுப் பூனைக்குச் சூடு வைத்தது ஒரு வங்கி.

நெவ் சுவர்ப்பூச்சு வேலை செய்பவர். யாரிடமும் சம்பளத்துக்கு இல்லை, சொந்தத் தொழில். இங்கிலாந்தில் எங்கள் ஊரான கிரிம்ஸ்பியில் பாதி வீடுகளின் உட்கூரையை வழவழப்பாக்கியது அவர்தான் என்றால், கொஞ்சம்தான் மிகை. வேன் வாங்கக் கடன் கேட்டுப் போனபோது, மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த பெண் தேனொழுகப் பேசினாள். "கூடவே இந்தக் காப்பீட்டையும் எடுத்துக்கோங்க சார். கடன் சட்டுனு கிடைச்சிடும். நாளைக்கு வேலை இல்லை, உடம்பு முடியலைன்னா தவணையை அவங்களே கட்டிடுவாங்க." அவள் விரல் வைத்த இடத்தில் எல்லாம் நெவ் கையெழுத்துப் போட்டார்.

அடுத்த வருடம் ஏணியிலிருந்து விழுந்து கணுக்காலை உடைத்துக்கொண்டார். காப்பீட்டைக் கேட்டால், "சொந்தத் தொழில் பண்றவங்களுக்கு இது செல்லாதுங்களே" என்றார்கள். சொந்தத் தொழில் என்று கடன் மனுவிலேயே எழுதியிருந்தது. தெரிந்தே தலையில் கட்டியிருக்கிறார்கள், பாவிகள்.

அந்தக் குளிர்காலம் முழுக்க எங்கள் தவணையைக் கட்டியவர் என் அண்ணன் ரோலண்ட். ஊரில் கம்பளக் கடை வைத்திருக்கிறார். நல்ல மனுஷன்தான், இல்லையென்று சொன்னால் நாக்கு அழுகிவிடும். ஆனால் செய்ததைச் சொல்லிக்காட்டாவிட்டால் அவருக்குச் சோறு செரிக்காது. ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாடு எங்கள் வீட்டில்தான். மாட்டிறைச்சி வறுவலை வெட்டும்போதே ஆரம்பித்துவிடுவார்.

"மாப்ளே, உருளைக்கிழங்கை நல்லா எடுத்துப் போட்டுக்கோ. பயப்படாத, அதுக்கெல்லாம் கையெழுத்து கேக்க மாட்டாங்க."

"சரி மச்சான்."

"நான்லாம் ஒரு வரி விடாம படிச்சுட்டுத்தான் பேனாவையே தொடுவேன். என்கிட்ட ஒருத்தன் வாலாட்ட முடியுமா?"

நெவ் சிரித்துக்கொண்டே சாப்பிடுவார். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வரும்.

எங்கள் மகள் பெத்தனிக்கு அக்டோபரில் கல்யாணம் என்று முடிவானது. அன்றைக்கும் ஞாயிற்றுக்கிழமைதான். "அப்பா, பதிவேட்டுல சாட்சிக் கையெழுத்து நீங்கதான் போடணும்" என்றாள்.

நெவ் முள்கரண்டியைக் கீழே வைத்தார். "மாமா போடட்டும்மா. அவருதான் படிச்சுப் பாத்துப் போடுறவரு. என் கையெழுத்துக்கு ராசி இல்ல."

சொல்லிவிட்டுச் சிரித்தார். பெத்தனி சிரிக்கவில்லை. தட்டை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போய், கழுவின தட்டையே திரும்பக் கழுவிக்கொண்டிருந்தாள். அவள் முதுகைப் பார்த்ததும் எனக்குப் பொறுக்கவில்லை. காசு கிடக்கட்டும், 'தப்பு எங்களுடையது' என்று அந்த வங்கி வாயால் ஒரு வார்த்தை வாங்காமல் விடுவதில்லை என்று முடிவு செய்தேன். அந்த வார்த்தையை வேறு யார் சொன்னாலும் நெவ் மனதில் ஏறாது. நான்தான் வருடக்கணக்காகச் சொல்லிப் பார்த்துவிட்டேனே.

அப்படிக் கட்டின காப்பீட்டுப் பணத்தைத் திரும்பக் கேட்க அந்த ஆகஸ்ட் மாதத்தோடு கெடு முடிகிறது என்று தொலைக்காட்சியில் கத்திக்கொண்டிருந்தார்கள். இப்படி ஏமாற்றி விற்ற கடன் காப்பீட்டுக்கு பிபிஐ என்று பெயர். அந்த மூன்றெழுத்தைக் கேட்டாலே எங்கள் தெருவுக்கு ரத்தம் கொதிக்கும். பணத்தை வாங்கித் தருகிறோம், கமிஷன் கொடு என்று எவனெவனோ வருடக்கணக்காகப் போன் போட்டு உயிரை வாங்கியிருந்தான். எதிர்வீட்டு ஹில்டா, கிளியே பேசட்டும் என்று போனைத் தூக்கித் தன் கிளிக்கூண்டுக்குள் வைத்துவிடுவாள். நெவ் ஞாயிறு காலைகளில் ஊர்ப் பையன்களின் கால்பந்து ஆட்டத்துக்கு நடுவராகப் போவார். அந்த விசில் எங்கள் போனுக்குப் பக்கத்தில் ஆணியில் தொங்கும். பிபிஐ என்று எவராவது வாயெடுத்தால் போதும், காதிலேயே ஊதி, "சிவப்பு அட்டை! மைதானத்த விட்டு வெளிய போ!" என்று வைத்துவிடுவார்.

நான் கமிஷன்காரன் எவனையும் நாடவில்லை. நேராக வங்கிக்கே போன் போட்டுப் புகார் சொன்னேன். கடன் அவர் பெயரில் இருந்ததால், "என் வீட்டுக்காரி சொல்றதுதான் நான் சொல்றதும்" என்று மட்டும் நெவ்வைச் சொல்லவைத்தேன். அதற்குள் அவருக்கு வேர்த்துவிட்டது. சில கேள்விகள் கேட்க நாங்களே அழைப்போம் என்றார்கள்.

ஒரு நாள் மீன் ஆலையில் பொட்டலம் கட்டிவிட்டு வீட்டுக்கு வந்தால், மனுஷன் முகமெல்லாம் பூரிப்பாக உட்கார்ந்திருக்கிறார்.

"இன்னிக்கு ஒருத்திய ஓடவிட்டேன், கிளெண்டா. அப்படி ஒரு ஊது!"

"எந்தக் கம்பெனிக்காரி?"

"பேங்குல இருந்து பேசறேன்னு ஏமாத்தப் பாத்தா. திரும்பத் திரும்ப போன் பண்றா. ஒவ்வொரு தடவையும் ஊதினேன். பேரு டோனாவாம்."

நான் மீன் நாற்றத்தோடேயே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். "அட மனுஷா! அது நெஜ பேங்கு!"

"எல்லாரும் அப்படித்தான சொல்றாங்க!"

வங்கி அட்டையின் பின்புறம் இருந்த எண்ணுக்கு நானே போன் போட்டேன். பியானோ இசை ஓடியது, ஓடியது, டீ ஆறிப்போகும் வரை ஓடியது. கடைசியில் டோனாவே கிடைத்தாள். ஒலிபெருக்கியைப் போட்டு நெவ்விடம் நீட்டினேன்.

"விசில் அடிச்சது நீங்கதானா சார்?"

"ஆமாம்மா... மன்னிச்சுக்க. காது பரவாயில்லையா?"

"இன்னும் கூவுது. எங்க பக்கத்துச் சீட்டுக்காரங்க, ஆட்டம் முடிஞ்சிருச்சுன்னு வீட்டுக்குக் கெளம்பிட்டாங்க."

நெவ்வுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதன்பின் அவள் கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னார். கடன் வாங்கும்போது என்ன வேலை? சுவர்ப்பூச்சு, சொந்தத் தொழில். அந்தக் காப்பீடு உங்களுக்குச் செல்லாது என்று யாராவது சொன்னார்களா? இல்லை. விழுந்தபோது என்ன ஆனது? அதைச் சொல்லும்போது மட்டும் அவர் குரல் இறங்கியது.

டோனா கொஞ்ச நேரம் எதையோ தட்டிக்கொண்டிருந்தாள். "சார், உங்க மனுவுலயே சொந்தத் தொழில்னு இருக்கு. இத உங்களுக்கு வித்திருக்கவே கூடாது. தப்பு எங்களோடது, உங்களோடது இல்ல. எழுத்துலயும் வரும்."

நெவ் போனைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "அத இன்னொரு தடவ சொல்றியாம்மா?"

அந்தப் புண்ணியவதி மறுபடி சொன்னாள்.

"ஞாயித்துக்கெழம மத்தியானம் போன் பண்ணிச் சொல்ல முடியுமா? என் மச்சான் இருப்பாரு."

முடியாதாம். ஞாயிறு விடுமுறை.

கட்டின காசு வட்டியோடு வந்தது. அது வந்த வாரத்து ஞாயிற்றுக்கிழமை ரோலண்ட் அண்ணன் குழம்பை ஊற்றிக்கொண்டே உதட்டைப் பிதுக்கினார். "ஏதோ அதிர்ஷ்டம், மாப்ளே. மொதல்லயே படிச்சிருந்தா இந்தக் கூத்தே வேண்டாம். என் கிரெடிட் கார்டு கணக்கு மாசாமாசம் வருது, ஒவ்வொரு வரியும் எனக்கு மனப்பாடம்."

"அதுல பிபிஐ இல்லியே மாமா?" என்றாள் பெத்தனி.

"எங்கிட்டயா? வாங்கினது, வட்டி, அப்புறம் அந்தத் தவணைப் பாதுகாப்பு, அவ்ளோதான்."

பெத்தனி என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"என்ன பாதுகாப்புண்ணே?" என்றேன்.

"கார்டு திருடு போனா காப்பாத்துறதுக்கு. கடை ஆரம்பிச்ச காலத்துல இருந்து கட்டறேன். ஒரு பய அந்தக் கார்டத் தொட்டதில்ல தெரியுமா?"

தவணைப் பாதுகாப்பு என்பதே பிபிஐக்கு இன்னொரு பெயர்தான். ஊருக்கெல்லாம் பலன் சொல்லுமாம் பல்லி, தான் விழுமாம் கழுநீர்ப் பானையில் துள்ளி. அண்ணன் எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். அவர் முகம் மெல்ல மெல்லப் பீட்ரூட் நிறத்துக்குப் போனது. நான் இத்தனை வருடம் சேர்த்துவைத்த ஏச்சையெல்லாம் நாக்கு நுனிக்குக் கொண்டுவந்துவிட்டேன். நெவ் மேசைக்கு அடியில் என் காலை மிதித்தார்.

"மச்சான், கெடு முடிய இன்னும் நாள் இருக்கு. நாளைக்குக் கடைய சாத்திட்டு இங்க வாங்க," என்றார். "சேர்ந்து போன் போடுவோம். அந்தப் பியானோ பாட்டுக்கு நல்ல டீ வேணும், அவ்ளோதான்."

என் கணவர் என்னைவிட நல்லவர். இதை அவரிடம் நான் சொன்னதில்லை.

அண்ணனுக்கு வந்த காசு, எங்களுக்கு வந்ததைவிட அதிகம். எவ்வளவு என்று இன்றுவரை வாய் திறக்கவில்லை. காசோலை வந்த சாயங்காலம் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார். உள்ளே வரச் சொன்னாலும் வரவில்லை.

"மாப்ளே, இத்தன வருஷமா படிச்சுப் படிச்சு நான் என்னத்தப் படிச்சேன்னு எனக்கே தெரியல. உன்னப் போய் என்னென்னவோ சொல்லிட்டேன்." தொப்பியைக் கையில் கசக்கினார். "கல்யாணத்துல சாட்சி நான் இல்ல. நீ போடற. போடாட்டி நான் சாப்பிட வரமாட்டேன்."

"ஞாயித்துக்கெழமைக்குமா?" என்றார் நெவ்.

"அத அப்புறம் பேசிக்கலாம்."

அக்டோபரில், பதிவு அலுவலகத்தில், மாப்பிள்ளையின் அம்மா கையெழுத்துப் போட்டு முடித்ததும் பதிவாளர் அம்மாள் நெவ்விடம் பேனாவை நீட்டினார். நெவ் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பதிவேட்டின் மேல் குனிந்தார். முதல் வரியிலிருந்து விரல் வைத்துப் படிக்க ஆரம்பித்தார். பெத்தனி பூங்கொத்தைப் பிடித்துக்கொண்டு அப்பாவின் விரலையே பார்த்தாள்.

நெவ் நிமிர்ந்தார். "இதோட சேத்துக் காப்பீடு எதுவும் இல்லியே?"

"கல்யாணத்துக்கு எந்தக் கம்பெனியும் காப்பீடு தர்றதில்லைங்க," என்றார் பதிவாளர்.

அறையே சிரித்தது. அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் நெவ் கையெழுத்துப் போட்டுவிட்டார். அந்த நேரம் பின்வரிசையிலிருந்து காதைக் கிழிக்கிற மாதிரி ஒரு விசில் கேட்டது. எங்கள் வீட்டு ஆணியிலிருந்து எப்போது சுட்டாரோ, ரோலண்ட் அண்ணன் கன்னம் உப்ப ஊதிக்கொண்டு நின்றார். கண்ணீர் தாரையாக ஓடியது. பெத்தனி அப்பாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.

நான் பதிவேட்டை எட்டிப் பார்த்தேன். எங்கள் கல்யாணத்தன்று போட்ட அதே கையெழுத்து. கடைசி எழுத்தின் வால் கோட்டைத் தாண்டி, பக்கத்துக் கட்டத்துக்குள் போயிருந்தது.