மயில் கழுத்து

ஐஸ் பெட்டியின் கண்ணாடிமேல் சரிந்து கிடந்த மாலையை மலர்விழி ஓரமாக நகர்த்திக்கொண்டிருந்தபோது, மருதாசலம் இரண்டாவது தடவையாக வந்து பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். பெட்டிக்குள் கிடந்த அவள் கணவன் தனபாலுக்கு அண்ணன் அவர். ஒரு கையில் போன், இன்னொரு கையில் சுவரிலிருந்து கழற்றிய நாட்காட்டி.

"அம்மணி, உசுரு போனது எத்தன மணிக்கு? நேத்துக் கேட்டப்பவும் நீ ஒண்ணுஞ் சொல்லல."

"எதுக்குங்க மாமா?"

"ஜோசியர் லைன்லயே இருக்காரு. நேத்து மூணு அம்பத்திரண்டு வரைக்கும் திருவோணம். அதுக்குள்ளன்னா ஒரு தொந்தரவும் இல்ல. அதத் தாண்டுனா அவிட்டம். அடைப்பு வந்துரும்."

அடைப்பு என்றால் என்னவென்று அவளுக்குத் தெரியும். ஆகாத நட்சத்திரத்தில் உயிர் போனால், போன அறையை ஆறு மாதம் பூட்டிப்போட வேண்டும். அவள் பிறந்த ஊரில் ஒரு குடும்பம் சமையலறையைப் பூட்டிவிட்டு, ஆறு மாதம் வாசலில் கல் கூட்டிச் சமைத்தது.

தனபால் போனது சாமான் ரூமில். மகள் நித்யஸ்ரீ அதை ஆரி ரூம் என்பாள். அந்தப் பெயர் வந்து மூன்று வாரம்தான் ஆகிறது.

அடுப்படிக்குப் பக்கத்தில் ஆறடிக்கு எட்டடி. தனபால் போர்வெல் வண்டியில் டிரில்லராக இருபத்திரண்டு வருஷம் வடக்கே சுற்றியவர். ஒவ்வொரு லீவுக்கும் எதையாவது கொண்டுவந்து அந்த ரூமில் போடுவார். தேய்ந்த டிரில் பிட்டு, அறுந்த ஹோஸ், கிரீஸ் டப்பா. மேலே வெங்காய மூட்டை ஏறும். பதினோரு வருஷமாக மலர்விழி அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். கல்யாண ஜாக்கெட்டுகளுக்கு ஆரிப் பூவேலை செய்கிறவள் அவள். ஹாலில் இரண்டு ஸ்டூல்களுக்கு மேல் சட்டத்தைப் போட்டுத் துணியை இழுத்துக் கட்டி உட்காருவாள். யாராவது வந்தால் அப்படியே தூக்கிப் பீரோவுக்குப் பின்னால் நிறுத்த வேண்டும். சோபா இடுக்கெல்லாம் மணி கிடக்கும்.

"ஊசி கோக்கறதுக்கு ஒரு ரூமா?" என்பார் தனபால். லீவு முடிந்து வண்டிக்குப் போய்விடுவார்.

நெஞ்சில் அடைப்பு வந்து ஆபரேஷன் ஆனபிறகு ஊரோடு வந்துவிட்டார். வண்டிச் சத்தத்தில் காது பாதி போயிருந்தது. பேச்சு முன்பே குறைவு. இந்த மனிதரோடு இனி நாள் முழுக்க எப்படி இருப்பது என்று அவள் யோசித்துக்கொண்டிருந்தபோது, ஆனி மாதம் ஒரு காலையில் அவராகவே இரும்பை வெளியே இழுத்துப் போட ஆரம்பித்தார். டாக்டர் கூடாது என்றிருந்தார். நாளுக்கு ஒரு பிட்டாக உருட்டினார். சுண்ணாம்பு அடித்தார். வெளிச்சத்துக்காக மேற்குச் சுவரை உடைத்து ஜன்னல் வைத்தார். நூல்கண்டுகளை மாட்ட எட்டு வரிசை ஆணி அடித்தார். வரிசைகள் கொஞ்சம் கோணலாகவே இருந்தன.

"பாத்துக்க," என்றார். அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு மத்தியானங்களில் பிளாஸ்டிக் சேரைக் கொண்டுவந்து அவளுக்குப் பின்னால், கதவோரம் போட்டு உட்காருவார். அவள் தைப்பாள். இருவரும் பேசுவதில்லை. இருட்டுகிற மாதிரி இருந்தால், அவள் சொல்வதற்கு முன்பே எழுந்து டியூப்லைட்டைப் போடுவார்.

"யோசிச்சுச் சொல்லு சாமி," என்றார் மருதாசலம். "அவசரமில்ல. பன்னெண்டுக்குத்தான் எடுக்கறோம்."

அவர் எழுந்து பந்தல் பக்கம் போனதும் நித்யஸ்ரீ தாயின் காதோரம் குனிந்தாள். அழுதழுது குரல் கட்டியிருந்தது.

"அம்மா, மூணு மணின்னு சொல்லீரு."

மலர்விழி நிமிர்ந்து பார்த்தாள்.

"ஒண்ணரை மணி நேரம் மாத்திச் சொன்னா யாருக்கும்மா என்ன ஆகப் போகுது? அப்பா உனக்குன்னு பண்ணுன ரூமு. அதப் போயி பூட்டச் சொல்றாங்க. பொய்தான். சொல்லீரும்மா."

ஐஸ் பெட்டி உர்ரென்று ஓடிக்கொண்டிருந்தது.

எதிர்வீட்டுத் தறிப்பட்டறை தினமும் மூன்று மணிக்கு டீக்காகப் பத்து நிமிஷம் நிற்கும். ஆட்டையாம்பட்டியின் அந்தத் தெருவுக்குக் காது கிடைக்கிற பத்து நிமிஷம் அது. நேற்று அந்த நேரத்தில்தான் அவள் இரண்டு நூலைத் தூக்கிக் காட்டி, "மயில் கழுத்துக்கு எதுங்க?" என்றாள். ஓமலூர்ப் பெண்ணின் முகூர்த்த ஜாக்கெட்டில் ஒரு மயில். தனபால் சேரிலிருந்து லேசாக முன்னால் சாய்ந்து பார்த்தார்.

"அந்த நீலம்."

அவள் திரும்பிக்கொண்டாள். தறி மறுபடி ஓட ஆரம்பித்தது. கழுத்தை முடித்து முதுகுக்கு வந்தபோது வானம் மூடிக்கொண்டது. "லைட்டைப் போடுங்க," என்றாள். போடவில்லை. கண்ணைச் சுருக்கிக்கொண்டு அந்த வரிசையை முடித்தாள். "இருபத்தாறு வருஷமாச் செவுத்துகிட்டதான் பேசிட்டிருக்கேன்," என்று ஊசியைப் பார்த்தபடியே சொன்னாள். அடுப்படியில் கடிகாரம் மூன்றரைக்கு ஒரு தடவை அடித்தது. அதற்கு மேலும் ஒரு மணி நேரம் தைத்தாள். தோகைக்குப் பாதி வந்ததும் டீ வைக்கலாம் என்று எழுந்து திரும்பினாள்.

கையைத் தொட்டபோது சில்லென்றிருந்தது. ஆம்புலன்ஸில் வந்த பையன் கண்ணில் லைட் அடித்துப் பார்த்துவிட்டு, அவளுக்கு மட்டும் கேட்கும்படி, "போயி ரொம்ப நேரமாச்சுங்களே. பக்கத்துல ஆரும் இல்லீங்களா?" என்றான்.

மருதாசலம் திரும்பி வந்தார். கூடவே அவர் மனைவி பொன்னாயியும் இரண்டு பெண்களும் வந்து நின்றார்கள்.

"என்ன அம்மணி?"

"நாலரைங்க மாமா."

நித்யஸ்ரீயின் கை அவள் தோளை அழுத்தியது.

"நல்லாத் தெரியுமா? அரை மணி முன்னப் பின்ன..." மருதாசலம் நாட்காட்டியைப் பார்த்தார், அவளைப் பார்க்கவில்லை. "முன்னயே போயிருந்து, நீ அப்பறமாப் பாத்திருக்கலாமில்ல?"

அவர் வழியைக் காட்டிவிட்டு நின்றார். பொன்னாயியும் காத்துக்கொண்டிருந்தாள்.

"இல்லீங்க. டீ கொண்டுக்கிட்டுப் போனேன். அப்ப உசுரு இருந்துச்சு." மலர்விழி மாலையைத் திரும்ப ஓரமாக நகர்த்தினாள். "கையப் புடிச்சாரு. என்னையப் பாத்தாருங்க. அதுக்கப்பறந்தான்."

பொன்னாயி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். "பொண்டாட்டி மொகத்தப் பாத்துட்டுத்தான் போயிருக்காரு. ஊடு தங்காம அலைஞ்ச மனுசனுக்கு இதாவது வாச்சுதே," என்றாள். பக்கத்துப் பெண் அதை வாங்கி அடுத்தவளிடம் சொன்னாள். கொஞ்ச நேரத்தில் அது பந்தல் வரைக்கும் போய்விட்டது.

மருதாசலம் போனில், "நாலரைங்க. ஆமாங்க, அவிட்டந்தான்," என்று சொல்லிக்கொண்டே நடந்தார். பிறகு ஒரு பூட்டோடு வந்தார்.

"வேண்டியத வெளிய எடுத்துக்கச் சொல்லு. பூட்டுனாத் தை கழிஞ்சுதான் தொறக்கணும்."

"ஓமலூர்த் துணிய மட்டும் கொண்டா," என்றாள் மகளிடம்.

"நூலு?"

"இருக்கட்டும்."

"அந்தச் சேரு?"

"அது அங்கயே இருக்கட்டும்."

நித்யஸ்ரீ சட்டத்தைக் கொண்டுவந்து அடுப்படிச் சுவரில் டொக்கென்று சாத்தினாள். "உனக்காக நான் எத்தன நாள் அப்பாகிட்டச் சண்ட போட்டேன்," என்றாள். முகம் கழுவப் போய்விட்டாள்.

பன்னிரண்டரைக்கு எடுத்தார்கள். ஆண்கள் பறைச் சத்தத்தின் பின்னால் தெருமுனை திரும்பினார்கள். பெண்கள் வீட்டைக் கழுவிவிட்டார்கள். தலைக்கு ஊற்றி, ஈரப் புடவையை மாற்றி, மலர்விழியை அடுப்படி ஓரம் உட்காரவைத்துவிட்டு ஆளுக்கொரு பக்கம் ஒதுங்கினார்கள். பூட்டு அவள் கண் மட்டத்துக்கு நேராகத் தொங்கியது.

"ஓமலூர்க்காரங்களுக்கு என்ன சொல்றது?" என்றாள் நித்யஸ்ரீ. இப்போது குரலில் கோபம் இல்லை.

"சாவு உழுந்த எடத்துல கெடந்த துணி கல்யாணத்துக்கு ஆகாது. வேற துணி எடுத்துக் குடுத்தரலாம். ஆராச்சும் தெச்சுக் குடுப்பாங்க."

"அப்ப இது?"

மலர்விழி கையை நீட்டினாள். மகள் சட்டத்தைக் கொடுத்துவிட்டுப் போய் ஹாலில் ஈரத் தரையில் படுத்துக்கொண்டாள்.

தோகை பாதியில் நின்றிருந்தது. எழுந்தபோது முடிச்சுப் போடவில்லை. ஆரித் தையல் சங்கிலி மாதிரி. முடிச்சுப் போடாவிட்டால், நுனியை இழுத்தால் போதும், தானாக வந்துவிடும். துணிக்கு அடியில் தொங்கிய நூலைப் பிடித்து இழுத்தாள். தோகை வந்தது. முதுகு வந்தது. வெளிச்சம் போதாமல் தைத்த வரிசை கொஞ்சம் கோணலாக இருந்தது. அதுவும் வந்தது. நீல நூல் மடியில் சுருள் சுருளாக விழுந்தது.

கழுத்து தொடங்கிய இடத்தில் நிறுத்தினாள். அவர் நீலம் என்று சொன்னதும் போட்ட முதல் தையல் ஒன்று மட்டும் மிச்சமிருந்தது. அதன் மேல் கட்டைவிரலை வைத்தாள்.

பிணம் போனதால் எதிர்ப் பட்டறையைத் திறந்தார்கள். ஒரு தறி ஓடத் தொடங்கியது, பிறகு இன்னொன்று. அவள் விரலை எடுக்கவில்லை.