பத்து நிமிட மழை

குரோம்பேட்டை கேம்பஸில் அன்று என் தங்கை ஹெப்சிக்கு பி.எச்டி வைவா, அதாவது வாய்மொழித் தேர்வு. யார் வேண்டுமானாலும் வந்து உட்காரலாம் என்பதால், முடிச்சூரிலிருந்து குடும்பமே கிளம்பிப் போய்க் கடைசி வரிசையைப் பிடித்துக்கொண்டோம். அம்மா கேக்கும் பப்ஸும் முன்கூட்டியே ஆர்டர் கொடுத்துவிட்டாள். எனக்குத்தான் நம்பிக்கை இல்லை. ஆய்வேட்டை ஏற்கெனவே ஒருமுறை திருப்பி அனுப்பியிருந்தார்கள். இம்முறையும் திருப்பினால் பதிவுக் காலம் முடிந்துவிடும். இத்தனை வருட உழைப்பும் வீண்.

ஆய்வுக்கு அவள் எடுத்துக்கொண்டது எங்கள் தெருவோரக் கால்வாய். அதில் ஓடுவது இப்போது பெய்யும் மழை மட்டுமல்ல. முன்பு பெய்த மழையும் மெல்ல வந்து சேரும். மொத்தத் தண்ணீரை அளந்துவிடலாம். எந்த மழை எவ்வளவு நேரம் கழித்து எவ்வளவு வரும் என்பதுதான் தெரியாது. அதைக் கண்டுபிடிக்க ஒரு தொகையீட்டு (இன்டெக்ரல்) சமன்பாடு. பேனாவுக்கு மசியாது, காலத்தைத் துண்டு துண்டாக்கிக் கணினியில்தான் தீர்க்க வேண்டும்.

வெளியூர்த் தேர்வாளர் கண்ணாடியைக் கழற்றினார். "பத்து நிமிஷத்துக்கு ஒரு அளவு இருக்கே, ஏம்மா ஒரு மணி நேரத் துண்டா எடுத்தீங்க? சின்னதா எடுத்தா இன்னும் துல்லியமா வருமே?"

"வராது சார். கெட்டுப்போகும்."

"எங்க, போட்டுக் காட்டுங்க."

போட்டாள். திரையில் கோடு ரம்பப் பல்லாகக் குதித்தது. மழை பெய்தால் கால்வாய் வற்றும் என்றுகூடச் சொன்னது. முன்வரிசையில் யாரோ சிரித்தார்கள். எனக்குச் சுர்ரென்று ஏறியது.

"சும்மா உக்காரு ஈவ்லின்" என்று அம்மா என் கையைப் பிடித்து இழுத்தாள்.

வீட்டில் கரப்பான்பூச்சிக்கு அலறுகிற ஹெப்சி, அங்கே அசையாமல் நின்றாள். "அளக்கிற கருவியில எப்பவும் கொஞ்சம் பிழை இருக்கும் சார். துண்டு சின்னதாக ஆக, கணக்கு அந்தப் பிழையைத்தான் ஊதிப் பெருசாக்குது. பத்து நிமிஷமே வேணும்னா, பக்கத்துப் பக்கத்து மதிப்புகள் தாறுமாறா தாவக் கூடாதுன்னு ஒரு கட்டுப்பாடு சேக்கணும்."

சேர்த்தாள். கோடு அடங்கியது.

"அப்ப நீங்களே இழுத்து நேராக்கிட்டீங்க."

"இல்ல சார். எவ்வளவு அடக்கணும்னு கருவியோட பிழைதான் முடிவு பண்ணுது. சந்தேகம்னா, இந்தக் கணக்குல நான் தொடாத மழை ஒண்ணை நீங்களே எடுத்துக் குடுங்க."

தேர்வாளரிடமே சவால்!

அவர் ஒரு டிசம்பர் மழையைத் தேர்ந்தெடுத்தார். அளந்த கோடும் அவள் கணக்குப் போட்ட கோடும் ஒட்டிக்கொண்டே ஏறி, ஒட்டிக்கொண்டே இறங்கின. தேர்வாளர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

"போன தடவை இதைத் திருப்பி அனுப்பினது நான்தான், டாக்டர் ஹெப்சி" என்றார். "வீட்லேர்ந்து யாராவது வந்திருக்காங்களா?"

கடைசி வரிசை மொத்தமும் எழுந்து நின்றது. முதலில் எழுந்தவள் நான்.